எண்ணூர் சேறு முதல் காசிமேட்டுக் கரை வரை: அதிகம் பேசப்படாத நீர்வாழ் உயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் நண்பர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஆமை, டால்பின், பூநாரை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் சேற்றுக்குள்ளும் மணலுக்குள்ளும் வலையின் மூலையிலும் கிடக்கிற உயிர்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

வடசென்னை என்றாலே அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும்தானே? அங்கே என்ன உயிர் மிச்சம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. பக்கிங்காம் கால்வாய் அந்த இடத்தைக் குறுக்காகக் கடந்து வடக்கே பழவேற்காடு ஏரி வரை போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது கழிமுகம் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். சித்திரை வெயிலில் ஓரங்களில் தேங்கும் நீர் கடலை விடவும் கரிக்கும். ஒரே வருஷத்தில் இந்த இரண்டையும் தாங்கும் உயிர்தான் இங்கே குடியிருக்க முடியும். அப்படித் தாங்குகிற இனங்கள் குறைவு, ஆனால் தாங்கியவை கூட்டம் கூட்டமாகப் பெருகும். இறாலும் மட்டியும் மடவையும் இங்கே அவ்வளவு கிடைத்தது அதனால்தான்.

மாசு பெரிய அளவில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "எல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டால், மிச்சமிருப்பதையும் மூடி மண் போட வசதியாகிவிடும். எனக்கு இதில்தான் கோபம் வரும். இந்தப் பக்கத்தை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

எப்போது போனால் பார்க்கலாம்?

தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரிய நாட்களிலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது அதிகம், அப்போதுதான் சேற்றுத் திட்டுகள் நன்றாக வெளியே வரும். செல்போனில் அலை அட்டவணை பார்க்கலாம். அதை விட, கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணா, தண்ணி எப்போ வத்தும்?" என்று கேட்பது மேல். கழிமுகத்து வாயை மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து அவர் கணக்குச் சொல்வார். அட்டவணைக்கு அது தெரியாது.

அலையாத்திச் செடிகளுக்கு அடியில் தவளை மாதிரி ஏதோ குதிக்கிறதே?

அது மீன். உளுவைக் குடும்பத்தைச் சேர்ந்த, சேற்றில் தாவும் மீன். தலைக்கு மேலே இரண்டு கண்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். முன் துடுப்புகளை ஊன்றி நகரும், பயந்தால் வாலை அடித்துத் துள்ளும்.

தண்ணீருக்கு வெளியே இது எப்படி மூச்சு விடுகிறது என்று பிள்ளைகள் உடனே கேட்பார்கள். தோலும் வாய்க்குள்ளிருக்கும் மெல்லிய சவ்வும் ஈரமாக இருக்கும் வரை அவற்றின் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். செவுள் அறையில் கொஞ்சம் தண்ணீரையும் தேக்கி வைத்திருக்கும். ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து கவனித்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பக்கவாட்டில் சாய்ந்து சேற்று நீரில் உடம்பைப் புரட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். கண்ணை உள்ளே இழுத்து நனைத்து மறுபடி வெளியே விடுவதும் தெரியும்.

வீடு என்பது சேற்றுக்குள் ஒரு பொந்து. நீர் ஏறும்போது பொந்துக்குள் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பதால், சில இனங்கள் வாய் நிறையக் காற்றைக் கொண்டுபோய் உள்ளே சேமித்து வைக்கின்றன. முட்டைகள் அந்தக் காற்றறையின் சுவரில் ஒட்டியிருக்கும். அந்தச் சேற்றின் மேல் ஒரு லாரி மண் கொட்டினால் எதெது மூச்சுமுட்டிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டு எது? அது யாரைக் கூப்பிடுகிறது?

பிடில் நண்டு. பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணை அழைக்கவும் பக்கத்துப் பொந்துக்காரனை விரட்டவும் அதை ஆட்டும். சாப்பிட அந்தக் கொடுக்கு உதவாது, சின்னக் கொடுக்கால்தான் சேற்றைக் கிள்ளி வாயில் வைக்கும். பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கொடுக்கு என்பதால் இரண்டு கையாலும் சாப்பிடும். சேற்றிலிருக்கும் பாசியையும் நுண்ணுயிரையும் சலித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருண்டையாக உருட்டிக் கீழே வைத்துவிடும். பொந்தைச் சுற்றிக் கடுகு மாதிரி இறைந்து கிடப்பவை அந்த உருண்டைகள்தான். அடுத்த ஏற்றத்தில் கரைந்துவிடும்.

மணல் திட்டில் பழைய ரப்பர் துண்டு போல ஒரு வளையம் கிடந்தது. குப்பையா?

தயவுசெய்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது முட்டை. வட்டமான, வழவழப்பான ஓடுள்ள ஒரு மணல் நத்தை இருக்கிறது. அது முட்டைகளையும் மணலையும் தன் கோழையால் ஒட்டி, தன்னைச் சுற்றிலும் சட்டைக் காலர் வடிவத்தில் இந்த வளையத்தைச் செய்கிறது. ஈரமாக இருக்கும்போது வளைந்து கொடுக்கும், காய்ந்துவிட்டால் விரல் பட்டதும் பொடிந்துவிடும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் மணிமணியாகப் புள்ளிகள் தெரியும்.

இதே நத்தைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரையில் பொறுக்கும் மட்டி ஓடுகளில், நூல் கோக்க வசதியாக, துளைப்பான் வைத்துத் துளைத்தது போல ஒரு வட்ட ஓட்டை இருக்குமே, பார்த்திருப்பீர்கள். மட்டியைக் காலால் கட்டிப் பிடித்து, சுரப்பியின் நீரால் மட்டி ஓட்டின் மேல்புறத்தை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளை போட்டு உள்ளே இருக்கும் சதையை உறிஞ்சிவிடும். துளையின் வெளிவிளிம்பு அகன்றும் உள்விளிம்பு குறுகியும் இருந்தால் அது மணல் நத்தையின் வேலை என்று சொல்லிவிடலாம்.

கழிமுகத்துத் தரையெல்லாம் கறுப்பாகப் படர்ந்திருக்கிறதே, அது என்ன?

காக்கா ஆழி. நம் ஊர் உயிரில்லை. தென் அமெரிக்கா, நடு அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சிப்பி, அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா. கறுப்பாக இருப்பதால் மீனவர்கள் வைத்த பெயர்தான் காக்கா ஆழி. கேரளத்துக் காயல்களில் 2010களின் பிற்பகுதியில் பதிவானது. இங்கே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பரவியிருக்கிறது.

கப்பலோடு வந்திருக்க வேண்டும். சரக்கில்லாமல் வரும் கப்பல் நிலையாக நிற்க, ஒரு துறைமுகத்தில் கடல்நீரை எடைநீராக ஏற்றிக்கொண்டு இன்னொரு துறைமுகத்தில் இறக்கும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் மிதந்து வரும். கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டும் வரலாம்.

ஒரு கொத்தைக் கையால் பிடுங்கிப் பார்த்தால் என்ன சிக்கல் என்று புரிந்துவிடும். ஒவ்வொரு சிப்பியும் விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நார் போன்ற இழைகள் ஓடிப் பின்னியிருக்கும், பத்தைப் பிடித்து இழுத்தால் ஐம்பது வரும். பாய் விரித்த மாதிரி தரையை மூடிவிடும். அதற்கு அடியில் சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதாவது அங்கே ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை.

நம்முடைய மஞ்சா மட்டி சேற்றுக்குள் புதைந்து, குழாய் போன்ற உறுப்பை மட்டும் மேலே நீட்டித் தண்ணீர் இழுக்கிற உயிர். மேலே பாய் விரித்தால் அதற்கு வழி ஏது? இறாலும் பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும் பழக்கமுள்ளது. புதையச் சேறு கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் தங்காது. சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிப்பவர்களின் விரல்களை இந்தச் சிப்பி விளிம்பு அறுக்கிறது, வலையையும் கிழிக்கிறது. மீனவர்கள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அள்ளி எடுப்பது அவசியம். ஆனால் அள்ளியதைக் கரையோரத்திலேயே குவித்தால் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். அதோடு குஞ்சுகள் நீரில் மிதந்து பரவுபவை, ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டு ஓய முடியாது. கப்பல் எடைநீரைச் சுத்திகரித்த பிறகுதான் வெளியேற்ற வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாசலிலேயே தடுப்பதுதான் உண்மையான வைத்தியம் என்பது என் கருத்து.

அதைச் சாப்பிட்டே தீர்த்துவிட முடியாதா?

பிரேசிலில் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். எண்ணூரில் வேண்டாம். சிப்பிகள் தண்ணீரை வடிகட்டி உண்பவை, தண்ணீரில் உள்ள உலோகங்களும் எண்ணெயும் சதையில் சேரும்.

சேற்றில் கையைவிட்டு இறால் பிடிப்பது உண்மையா?

உண்மை. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இருளர் பெண்கள் பலர் இந்தத் தொழில் செய்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். இறால் தட்டுப்பட்டதும் அழுத்திப் பிடித்துப் பனையோலையில் முடைந்த பரி என்ற கூடையில் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பரியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அடிச் சேறு எந்த இடத்தில் மணலாகிறது, எங்கே சாம்பல் படிந்து பிசுபிசுக்கிறது, எங்கே காக்கா ஆழி வந்துவிட்டது என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனிக்குத் தெரியும். கழிமுகத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் முதலில் போய்ப் பேச வேண்டியது இவர்களிடம்தான்.

சேற்றுப்புழுக்களை மூட்டை மூட்டையாக எடுக்கிறார்களே, எதற்கு?

இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளுக்கு. தாய் இறால் நன்றாக முட்டை வைக்க உயிர்ப்புழு கொடுப்பார்கள். உடம்பின் இருபுறமும் வரிசையாகக் குட்டிக் கால்கள் போன்ற மடிப்புகளும் முடிகளும் உள்ள புழு இது. சேற்றைக் குடைந்து காற்றும் நீரும் உள்ளே போக வழி செய்கிறது. மீன்களுக்கும் கரைப்பறவைகளுக்கும் சாப்பாடும் இதுதான். அளவில்லாமல் தோண்டினால் புழு மட்டும் போகாது, அந்த இடத்துச் சேறே கலங்கிப்போகும்.

திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் கடற்கரையே இல்லையே. பாறைதான் இருக்கிறது. அங்கே என்ன வாழும்?

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். நம் கரையோரமாக ஆண்டு முழுவதும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தடுக்கப்பட்டது. மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. வீடுகளைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் வந்தன.

மணலில் புதைந்து வாழ்ந்த உயிர்கள் இடம் இழந்தன, கல்லில் ஒட்டி வாழ்பவை குடியேறின. ஒரு கருங்கல்லை மேலிருந்து கீழாகப் பார்த்தால் தளம் தளமாகத் தெரியும். உச்சியில் சின்ன நத்தைகள், அதற்குக் கீழே வெள்ளையாகக் கூம்பு கூம்பாகக் கொட்டலசு, அதற்கும் கீழே ஆளி என்ற ஒட்டுச் சிப்பியும் பாசியும். பார்த்தால் சிப்பி போலிருக்கும் கொட்டலசு உண்மையில் நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். குஞ்சாக நீந்தி வந்து, தலைப்பக்கத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பிவிடும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கால்களை வெளியே நீட்டி நீட்டித் தண்ணீரிலிருந்து இரையை வாரிக்கொள்ளும். ஓர் அலை வந்து நனைக்கும்போது குனிந்து பார்த்தால் இறகு போல அந்தக் கால்கள் வெளிவந்து மடங்குவது தெரியும்.

அலை திரும்பும்போது காலடி மணலில் குறுகுறுவென்று ஏதோ குடைகிறதே?

மணல் இன்னும் மிச்சமிருக்கும் இடங்களில் அது ஒரு வகை மணல் நண்டு, அறிவியல் பெயர் எமெரிட்டா ஏஷியாட்டிகா. முட்டை வடிவம், கொடுக்கே கிடையாது. பின்பக்கமாக மணலுக்குள் இறங்கி, அலை திரும்பும் அந்தச் சில விநாடிகளில் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து, ஓடும் நீரில் வரும் துணுக்குகளை வடிகட்டும். தூண்டிலில் இரையாகக் கோப்பதற்கு இதைத் தோண்டி எடுப்பார்கள்.

பெண் நண்டு கட்டைவிரல் நுனி அளவுக்கு வளரும். முதிர்ந்த சின்ன ஆணோ அரை சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், பெண்ணின் உடம்பில் தொற்றிக்கொண்டே திரியும். அந்த ஆண் வளர்ந்து பெரிதாகும்போது பெண்ணாக மாறிவிடுகிறது. இதைச் சென்னைக் கடற்கரையிலேயே ஆராய்ந்து 1981-ல் வெளியிட்டார் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியலாளர் டி. சுப்பிரமணியம். உலகம் படித்த ஆராய்ச்சி, நம் காலடி மணலில் நடந்தது. பள்ளிப் பாடத்தில் இது இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கரையில் நீலப் பொத்தான் போல ஒதுங்குபவை சொறி என்கிற ஜெல்லி மீனா? தொடலாமா?

சொறிக்கு உறவு. வட்டத் தட்டும் சுற்றிலும் நீல இழைகளுமாக இருப்பது ஒரே விலங்கு போலத் தெரிந்தாலும், பல சிறு உயிர்கள் சேர்ந்த கூட்டம். காற்று அடிக்கும் திசையில் மிதந்து வந்து ஒதுங்கும். இதன் கொட்டு பெரும்பாலும் லேசானது, தோல் அரிக்கலாம்.

நீல நிறத்தில் காற்றடைத்த பை போலவும் நீண்ட இழைகளோடும் இருப்பது வேறு, அது கடுமையாகக் கொட்டும், தொடவே கூடாது. இவற்றைத் தின்று வாழும் நீல டிராகன் என்ற கடல் நத்தை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னைக் கரையில் ஒதுங்கியது. விரல் நுனி அளவுதான், ஓடு கிடையாது. தின்ற இரையின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் உடம்பில் சேர்த்து வைத்துத் தானும் கொட்டும். அழகாக இருக்கிறதென்று உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

கழிமுகத்தில் பாம்பு பார்த்தேன். விஷமா?

சேற்றோரத்தில் உளுவைகளைத் தேடித் திரிவது பெரும்பாலும் கழிமுகத் தண்ணீர்ப் பாம்பு. அதன் லேசான விஷம் மீனுக்கானது, மனிதருக்கு ஆபத்தில்லை. தோல் தொளதொளவென்று, சொரசொரப்பாக இருப்பது இன்னொன்று, விஷமே இல்லாதது. வழுக்கும் மீனை அந்தச் சொரசொரப்பால்தான் இறுக்கிப் பிடிக்கும். வால் துடுப்பு போலத் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு, கொடிய விஷம். வலையில் சிக்கி வருவது அதுதான். செத்தது போலக் கிடந்தாலும் கை வைக்கக் கூடாது.

காசிமேட்டில் என்ன பார்க்கலாம்?

விடியற்காலை ஏலத்தில் எல்லோரும் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் பார்ப்பார்கள். நீங்கள் ஒதுக்கிப் போடும் குவியலைப் பாருங்கள். இழுவை மடியில் அடித்தரையிலிருந்து வாரி வந்தது எல்லாம் அதில் இருக்கும்: இறகுப் பேனா வடிவில் கடல் பேனா, ஊதிய பேத்தை மீன், கும்பிடும் பூச்சி போல முன்னங்காலை மடக்கிய ஸ்குவில்லா, முகத்தைக் கொடுக்குகளால் மறைத்துக்கொண்டிருக்கும் பெட்டி நண்டு. பெட்டி நண்டின் வலது கொடுக்கில் ஒரு தனிப் பல் உண்டு. நத்தை ஓட்டின் விளிம்பை அதில் மாட்டி, டப்பா திறப்பான் போல ஓட்டை உடைத்துக்கொண்டே போகும். இந்தக் குவியல் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிறது. கடலடியின் முகவரி இப்படிக் கிலோக் கணக்கில் போவதைப் பார்க்க மனசு வலிக்கும்.

கடல் குதிரை கிடைத்தால் வாங்கலாமா?

கூடாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணைப்படுத்தப்பட்ட உயிர். காய்ந்ததையும் வைத்திருக்கக் கூடாது. உயிரோடு வலையில் வந்தால் உடனே கடலில் விட்டுவிட வேண்டும். குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமப்பது ஆண்.

குதிரைலாட நண்டு?

இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில்தான் பார்க்க முடியும்.

கடலுக்குப் போக முடியாதவர்கள் எங்கே பார்ப்பது?

மாதவரம், மணலி, புழல் பக்கம் மழை பெய்து தேங்கிய காலி மனைக் குட்டைகளில். ஸ்ட்ரெப்டோகெஃபாலஸ் என்ற ஒரு வகைச் சின்ன இறால் உண்டு, மல்லாந்து படுத்தபடியே நீந்தும். குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து முட்டை வைத்துவிட்டுச் செத்துவிடும். முட்டை காய்ந்த மண்ணில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அல்லிக் குளங்களில் முதுகு முழுக்க முட்டை சுமந்து திரியும் நீர்ப்பூச்சி கிடைக்கும். சுமப்பது அப்பா.

எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு இவையெல்லாம் என்ன ஆயின?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எர்ணாவூர்ப் பாறைகளில் தார் போல எண்ணெய் படிந்தது, வாளியால் அள்ளினார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசுக்கும் ஆளிக்கும் எழுந்து ஓட வழியில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள்ளேயே வந்தது. அலையாத்தி மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டி மூச்சு விடுபவை. அவற்றின் மேல் எண்ணெய் பூசினால் மரம் திணறும், அடியில் பொந்து போட்ட நண்டும் மீனும் திணறும். மேற்பரப்பில் எண்ணெய் தெரியவில்லை என்பதை வைத்துச் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சேற்றுக்குள் இறங்கியது வருஷக்கணக்கில் கிடக்கும்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?

தாராளமாக. அடி தடித்த, பின்பக்கம் மூடிய செருப்பு வேண்டும், ஆளி ஓடு பிளேடு போல அறுக்கும். கையில் புண் இருந்தால் தண்ணீரில் விட வேண்டாம், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் பழையபடி வைத்துவிடுங்கள். எதையும் வீட்டுத் தொட்டிக்கு எடுத்து வராதீர்கள், ஏற்றவற்றம் இல்லாத தொட்டியில் சீக்கிரம் செத்துவிடும். சேறு எங்கே முழங்காலுக்கு மேல் இழுக்கும் என்பது குப்பத்துக்காரர்களுக்குத்தான் தெரியும், அவர்களில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடமும் தேதியும் சேர்த்து ஏற்றுங்கள். நாளைக்கு ஒரு திட்ட அறிக்கை "இங்கே உயிரினங்கள் ஏதுமில்லை" என்று சொன்னால் எடுத்துக் காட்ட அது உதவும்.